தீர்ப்பில் கிடைத்த வீடு கடனில் போகாமலிருக்க

“வீட்டை நான் வைத்துக்கொள்கிறேன். உங்களுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன்.” மணவிலக்குப் பேச்சில் பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் தாயோ தந்தையோ சொல்லும் வார்த்தை இது. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது, பாட்டி வீடு இரண்டு புளோக் தள்ளி இருக்கிறது, பிள்ளைகள் ஏற்கெனவே உடைந்து போயிருக்கிறார்கள். காரணங்கள் எல்லாம் நியாயமானவை. ஆனால் அந்தப் பேச்சின் இரண்டாம் பாதியை எந்தப் பணத்தில் நிறைவேற்றப் போகிறோம் என்று கணக்குப் போடாமலேயே பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். வீடு தீர்ப்பில் கிடைக்காமல் போனால் ஒரு பங்குத் தொகையாவது கையில் மிஞ்சும். தீர்ப்பில் கிடைத்த வீடு பிறகு கடனில் போனால், அதற்குள் நகையும் சேமிப்பும் உறவினர் உதவியும் தீர்ந்திருக்கும். ஆகவே வீட்டைக் கேட்பதற்கு முன்பே கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

முதலில் உரிமை. சிங்கப்பூரில் முஸ்லிம் அல்லாதவர்களின் மணவிலக்கு 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனத்தின்கீழ் வருகிறது. அதன் 112ஆம் பிரிவு, மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்தை நியாயமாகவும் முறையாகவும் பிரிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருகிறது. வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லை என்பதாலேயே உங்களுக்குப் பங்கில்லை என்றாகிவிடாது. சமைத்தது, பிள்ளை வளர்த்தது, மாமியாரைப் பார்த்துக்கொண்டது எல்லாமே பங்களிப்புதான். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முறையை வகுத்தது: யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்று ஒரு விகிதம், குடும்பத்துக்கு யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று இன்னொரு விகிதம், இரண்டுக்கும் சராசரி. ஒருவர் மட்டும் சம்பாதித்து மற்றவர் வீட்டைப் பார்த்துக்கொண்ட நீண்டகாலத் திருமணங்களுக்கு இந்த முறை பொருந்தாது, அங்கே சமபங்கை நோக்கியே பிரிவினை செல்லும் என்று அதே நீதிமன்றம் 2017இல் விளக்கியது. முஸ்லிம்களின் வழக்குகள் 1966ஆம் ஆண்டு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்படி ஷரியா நீதிமன்றத்துக்குச் செல்லும். அங்கும் மணவாழ்க்கைச் சொத்துக்குப் பங்கீடு உண்டு.

இனி கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். ஈசூனில் ஒரு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, மதிப்பு 550,000 வெள்ளி. வீட்டுக்கடன் பாக்கி 180,000. மிச்சம் 370,000. பங்கு பாதிக்குப் பாதி என்று முடிவானால், வீட்டை வைத்துக்கொள்ளும் மனைவி கணவருக்கு 185,000 வெள்ளி கொடுக்க வேண்டும், பழைய கடனையும் தனியாகச் சுமக்க வேண்டும். அவருடைய மாதச் சம்பளம் 3,200 வெள்ளி. வீவக வீட்டுக்கான மாதத் தவணை சம்பளத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. அப்படியானால் அதிகபட்சம் 960 வெள்ளி. வீவக கடனுக்கான 2.6 விழுக்காட்டு வட்டியில், 25 ஆண்டுத் தவணையில், 960 வெள்ளியால் தாங்கக்கூடிய கடன் ஏறக்குறைய 211,000. பழைய பாக்கி 180,000 போக மீதி 31,000தான். மத்திய சேமநிதி சாதாரணக் கணக்கில் 40,000 இருக்கிறதென்றே வைத்துக்கொண்டாலும், இன்னும் 114,000 வெள்ளி குறைகிறது. ஆபத்து முழுவதும் இந்தக் குறையைச் சுற்றித்தான் இருக்கிறது.

சேமநிதியைப் பற்றியும் தெளிவு வேண்டும். வீட்டுக்கு எடுத்த சேமநிதிப் பணத்துக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டி ஏறிக்கொண்டே வரும். வீட்டை விற்கும்போது அசலும் வட்டியும் சேர்ந்து கணக்குக்குத் திரும்பிப் போகும், கைக்கு வராது. இருபது ஆண்டு கட்டியவர்களுக்கு இந்த வட்டி பெருந்தொகையாகியிருக்கும். வீட்டை விற்காமல் ஒருவர் பெயருக்கு மாற்றும்போது, விலகுபவரின் சேமநிதிக்கு எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை நீதிமன்ற ஆணை தெளிவாகச் சொல்ல வேண்டும். “வீடு மனைவிக்கு” என்று மட்டும் எழுதி, இந்தத் தொகையைச் சொல்லாமல் விட்ட ஆணை பிறகு பெரிய தலைவலியாகும். சிங்பாஸ் வழியாகச் சேமநிதி இணையத்தளத்தில் நுழைந்தால், வீட்டுக்கு எடுத்த அசலையும் ஏறிய வட்டியையும் இன்றே பார்க்கலாம்.

இந்தியக் குடும்பங்கள் தவறவிடும் ஒன்றும் உண்டு. 1989 முதல் வீவக வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் உள்ளது. உங்கள் புளோக்கில் சீனருக்கான வரம்பு நிறைந்திருந்தால், இந்தியரான நீங்கள் சீனருக்கு வீட்டை விற்க முடியாது. வாங்குவோர் கூட்டம் சுருங்கும், விலை இறங்கும். ஆனால் பங்கு பிரிக்கும்போது மேசைமேல் வைக்கும் மதிப்பு பல நேரங்களில் பக்கத்துப் புளோக்கில் நல்ல விலைக்குப் போன வீட்டின் விலை. விற்றால் கிடைக்காத விலைக்கு மற்றவரின் பங்கை வாங்குவது நியாயமில்லை. உங்கள் புளோக்கின் வரம்பு நிலவரத்தை வீவக இணையத்தளத்தில் பார்த்து, மதிப்பீட்டுப் பேச்சின்போதே அதை முன்வையுங்கள். இந்தக் கொள்கையால் விற்கவே முடியாமல் தவிக்கும் நெடுநாள் உரிமையாளர்களிடமிருந்து வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உதவியை 2022இல் வீவக கொண்டுவந்தது. அதையும் விசாரித்து வையுங்கள்.

குறைகிற பணத்தை எங்கே புரட்டுவது? கையில் முதலில் வருவது நகை. சிராங்கூன் சாலையை ஒட்டிய அடகுக்கடையில் கழற்றி வைத்த தாலிக்கொடியும் நாலு வளையலும் தராசில் ஏறும். கையில் வரும் ரசீதில் எடை, தொகை, மாத வட்டி, மீட்கும் கெடு எல்லாம் இருக்கும். சட்டப்படி அடகுக்கடை வட்டி மாதம் 1.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, மீட்கக் குறைந்தது ஆறு மாதம் தரவேண்டும். மாதம் ஒன்றரை என்பது காதுக்குச் சிறிதாகத்தான் கேட்கும். ஆண்டுக்கு அது 18 விழுக்காடு. உரிமம் பெற்ற கடன்கொடுப்பவரிடம் போனால் மாதம் 4 விழுக்காடு வரை, அதாவது ஆண்டுக்கு 48 வரை போகலாம். வீட்டுக்கடனுக்கான 2.6க்குப் பக்கத்தில் இவற்றை எழுதிப் பாருங்கள். வீட்டைக் காப்பாற்ற வாங்கும் கடனின் வட்டி வீட்டுக்கடனின் வட்டியைவிடப் பல மடங்கு என்றால், அந்தக் கடன் வீட்டைக் காப்பாற்றாது. குறுகிய கால இடைவெளியை நிரப்ப, பணம் வரும் நாள் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் நகையை வையுங்கள். தோழிகளோடு போடும் சீட்டை நம்பிக் கெடு குறித்துக் கையெழுத்திடாதீர்கள். சீட்டு உடைந்தால் கேட்க நாதியில்லை. குறுஞ்செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் கடன் அழைப்புகளை அழித்துவிடுங்கள். உரிமம் பெற்றவர்களுக்கு அப்படி விளம்பரம் செய்ய அனுமதி இல்லை, ஆகவே அந்தச் செய்தியை அனுப்பியவர் ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே சிக்கிவிட்டால் மறைக்காமல் 1800-924-5664 என்ற காவல்துறையின் எண்ணை அழையுங்கள்.

யாருடைய கடன் யார் தலையில் என்பதிலும் பலருக்குக் குழப்பம். கணவர் தன் பெயரில் வாங்கிய கடன் அட்டைக் கடனுக்கு, நீங்கள் பிணை நிற்காதவரை, வங்கி உங்களிடம் வரமுடியாது. சொத்துப் பிரிவினையில் நீதிமன்றம் கணக்கில் எடுப்பது குடும்ப நன்மைக்காகவோ பிள்ளைக்காகவோ பட்ட கடனை. வீட்டைப் புதுப்பித்தது, பிள்ளையின் மருத்துவம், துணைப்பாட வகுப்பு எல்லாம் இதில் அடங்கும். சூதாட்டக் கூடத்தில் விட்ட பணத்தைக் குடும்பக் கடன் என்று யாராவது கணக்கில் சேர்த்தால், எதிர்த்து வாதாட உங்களுக்கு உரிமை உண்டு. வங்கி அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பங்கைக் குறைக்கவென்றே மற்றவர் சொத்தைக் கைமாற்றினால் அதைத் தடுக்கவும் ரத்து செய்யவும் மாதர் சாசனத்தின் 132ஆம் பிரிவில் வழி இருக்கிறது.

வீட்டுக்கடனின் கதை வேறு. இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட கடனுக்கு இருவருமே முழுப் பொறுப்பு. அவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார், தவணையையும் நிறுத்திவிட்டார் என்றால், பெயர் மாறும்வரை பாக்கி உங்கள் தலையிலும்தான் ஏறும். இப்படி ஆகும்போது இரண்டாவது மாதமே வீவகவிடமோ வங்கியிடமோ பேசிவிடுங்கள். தவணையைச் சில மாதம் குறைப்பது, தள்ளிப்போடுவது, கடன்காலத்தை நீட்டிப்பது போன்ற ஏற்பாடுகளை வீவக செய்து தரும். பாக்கி குவிந்தபின் போனால் வழிகள் குறைந்துவிடும். கடன் அட்டைக்காரர்கள் வீவக வீட்டில் கைவைக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு வீட்டுக்கடன் கொடுத்தவரைத் தடுக்காது. அதனால் எல்லாக் கடனும் ஒன்றாக நெருக்கும்போது வீட்டுத் தவணையை முதலில் கட்டுங்கள், மற்றவர்களிடம் பேச்சு நடத்துங்கள். அந்தப் பேச்சை நடத்திக் கொடுக்கவே கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அமைப்பு இருக்கிறது. மாதச் சம்பளத்தைப்போல் 12 மடங்குக்கு மேல் கடன் ஏறிவிட்டவர்கள் பல வங்கிக் கடன்களை ஒன்றாக்கிக் குறைந்த வட்டியில் கட்டும் திட்டமும் 2017 முதல் உள்ளது.

மேலே சொன்ன 114,000 வெள்ளிக் குறைக்குக் கடன் ஒன்றுதான் வழி என்பதில்லை. கணவரின் சேமநிதியும் பிரிக்கத்தக்க சொத்துதான். அதில் உங்களுக்குச் சேரும் பங்கை விட்டுக்கொடுத்து வீட்டுப் பங்கைக் குறைக்கச் சொல்லலாம். கடைக்குட்டி தேசிய சேவைக்குப் போகும்வரை அல்லது படிப்பை முடிக்கும்வரை விற்பனையைத் தள்ளிவைத்து, பிறகு விற்றுப் பிரிக்கலாம். பங்குத் தொகையைத் தவணையாகக் கொடுக்க ஒப்பந்தம் செய்யலாம். ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்து வீட்டை வாங்குவதைப் பலர் செய்கிறார்கள். என் கருத்தில் இதில் மிகுந்த நிதானம் வேண்டும். மாதாமாதம் வரவேண்டிய பணம் நின்றுபோனால் மாதாமாதம் போகவேண்டிய தவணையை யார் கட்டுவது? எதுவும் பொருந்தவில்லை என்றால் விற்று, மூவறை வீட்டுக்கு மாறுவதில் ஒரு குறைவும் இல்லை. இதைச் சொன்னால் சில தாய்மார்களுக்கு மனம் வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

வீவகவின் நிபந்தனைகளையும் முன்கூட்டியே பாருங்கள். ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியாத வீடு, பிள்ளைகளும் இல்லை என்றால் வீட்டை வீவகவிடமே திருப்பிக் கொடுக்க நேரலாம். பிள்ளைகளின் பராமரிப்பு உங்களிடம் இருந்தால் நிலைமை சாதகம். தனியாளாக வைத்துக்கொள்ள 35 வயது நிறைந்த குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்து இன்னும் குடியுரிமை பெறாத பெண்கள் நிலைதான் கடினம். பங்குக்கு உரிமை உண்டு, ஆனால் வீவக வீட்டைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது, பங்கு பணமாகத்தான் வரும். குடியுரிமை பெற்ற பிள்ளை உங்களிடம் இருந்தால் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய் வீவகவுக்கு முறையீடு செய்யுங்கள்.

ஒப்பந்த ஆணையில் கையெழுத்திடும் முன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று என்றால், தனி ஒருவராக உங்களுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதை வீவகவிடமோ வங்கியிடமோ எழுத்தில் வாங்குங்கள். சொத்துப் பிரிவினை ஆணையைப் பிறகு மாற்றுவது மிக அரிது. நிறைவேற்றவே முடியாத நிலை என்று காட்டினால் ஒழிய நீதிமன்றம் அதைத் தொடாது. வசதி குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சட்ட உதவிப் பிரிவை நாடலாம். அது 1958 முதல் இயங்குகிறது. பீட்டி சாலையில் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா இருக்கிறது, அங்கே தமிழிலேயே பேசலாம். குடியுரிமை இல்லாத பெண்கள் அவேர் மகளிர் அமைப்பின் உதவி எண்ணை அழைக்கலாம்.

பெயர் மாறியபின் இரண்டு வேலை மிச்சம் இருக்கும். சேமநிதியில் தவணை கட்டுபவர்களுக்கான இல்லப் பாதுகாப்புத் திட்டக் காப்புறுதியை இருவரும் பாதிப்பாதியாக எடுத்திருப்பீர்கள். இனி கடன் முழுவதும் உங்களுடையது என்பதால், காப்புறுதியையும் முழுக் கடனுக்கு உயர்த்த சேமநிதிக் கழகத்திடம் விண்ணப்பியுங்கள். இல்லையேல் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் பாதிக் கடன் பிள்ளைகள்மேல் விழும். அடுத்தது சேமநிதி நியமனம். திருமணம் செய்தால் பழைய நியமனம் தானாக ரத்தாகும், மணவிலக்கில் அப்படி ஆகாது. முன்னாள் கணவர் அல்லது மனைவியின் பெயர் அதில் இருந்தால் பணம் அவருக்கே போய்ச் சேரும். இணையத்திலேயே புதிய நியமனம் செய்யலாம். சாட்சிகள் இருவர் வேண்டும், கட்டணம் கிடையாது.