உங்களுக்குத் தெரியுமா? – பால்மரக் காட்டில் காகிதத் தடம்

உலகின் பல நாடுகளில் நடக்கும் ‘ஹேஷ்’ ஓட்டம் பிறந்தது மலாயாவில்தான். 1938-இல் கோலாலம்பூரில் ஆல்பர்ட் கிஸ்பர்ட் என்ற கணக்காய்வாளரும் அவருடைய நண்பர்களும் இதைத் தொடங்கினர். இன்று சிரம்பானிலும் இதற்குச் சங்கம் உண்டு.

‘முயல்’ எனப்படுபவர் காகிதத் துண்டுகளைப் போட்டு வழி அமைப்பார். மற்றவர்கள் ‘வேட்டை நாய்’களாக அதைத் தேடி ஓடுவர். தடம் இடையிடையே அறுந்துபோகும். சில தடங்கள் பொய்யானவை. முன்னால் ஓடுபவர்கள் சரியான வழியைத் தேடி அலைவதற்குள் பின்தங்கியவர்களும் வந்து சேர்ந்துவிடுவர். எனவே இது பந்தயம் அன்று.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறம் இத்தகைய ஓட்டத்துக்கு ஏற்ற நிலம். ரப்பர் நிரைகளுக்கு இடையே பால்வெட்டுத் தொழிலாளர் நடந்து பதிந்த ஒற்றையடிப் பாதைகளும், செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றிச் செல்லும் செம்மண் சடக்குகளும் இங்கு ஏராளம். தித்திவங்சா மலைத்தொடரின் தென்பகுதி இம்மாநிலத்தில் உள்ளது. இங்குள்ள ஆங்சி மலையின் உயரம் சுமார் 825 மீட்டர். குவாலா பிலா, ரெம்பாவ் வட்டாரக் கம்பங்களில் கூரை முனைகள் மேல்நோக்கி வளைந்த மினாங்கபாவ் மரவீடுகளைக் காணலாம்.

மழை பெய்தால் செம்மண் வழுக்கும். தோட்டத்துக்குள் ஓடுவதற்கு நிர்வாகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறுவது நல்லது.