அரை ஆண்டு அரசாங்கம், அரை ஆண்டு பொருளாதாரம்: அமெரிக்கப் பள்ளிப் பெற்றோரின் சந்தேகங்கள்

அமெரிக்காவில் பிள்ளை 12-ஆம் வகுப்புக்குப் போவதற்கு முன் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் கைக்கு வரும். கால்குலஸ், இயற்பியல் பற்றியெல்லாம் வீட்டில் எப்போதோ பேசி முடித்திருப்பார்கள். கடைசியில் ஒரு வரி மிஞ்சும்: ஒரு செமஸ்டர் ‘அமெரிக்க அரசாங்கம்’, ஒரு செமஸ்டர் ‘பொருளாதாரம்’. சாதாரண வகுப்பா, கல்லூரித் தரத்திலான, ஏபி எனப்படும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் வகுப்பா? அங்கே குடியேறிய தமிழ்ப் பெற்றோர் பலரும் தயங்குவது இந்த வரியில்தான். அவர்கள் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

இரண்டும் கட்டாயமா? வேறு மாநிலத்தில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைக்கு இப்படி ஒன்றும் இல்லையாமே?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்நாட்டில் நாடு முழுமைக்குமான பாடத்திட்டம் கிடையாது. பள்ளிக்கல்வி மாநிலங்களின் கையில். கலிஃபோர்னியாவில் பள்ளிப் படிப்பை முடிக்க இரண்டிலும் தலா ஒரு செமஸ்டர் வேண்டும் என்பது சட்டம். டெக்சாஸில் தலா அரை கிரெடிட். அங்கே பொருளாதாரப் பாடத்தின் தலைப்பிலேயே ‘தடையற்ற தொழில் முறைக்கு முக்கியத்துவம்’ என்று சேர்த்திருக்கிறார்கள். அந்த மாநிலத்தின் மனசு தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. நியூயார்க்கில் ‘அரசாங்கத்தில் பங்கேற்பு’ அரை ஆண்டு, பொருளாதாரம் அரை ஆண்டு. நியூஜெர்சி குடிமையியலை நடுநிலைப் பள்ளியிலேயே கட்டாயமாக்கியிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் 2031-இல் பள்ளி முடிப்பவர்களிலிருந்து ‘தனிநபர் நிதி’ என்ற பாடமும் கட்டாயமாகிறது. வங்கிக் கணக்கு, கடன் அட்டை, வரி இதெல்லாம் அதில் வரும். பொருளாதாரம் என்றாலே அதுதான் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏபியில் வரும் நுண்ணியல் பொருளாதாரம் என்றால் நம் ஊர் காமர்ஸ் மாதிரியா?

இல்லை. பற்று, வரவு, பேரேடு எதுவும் கிடையாது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் பொருளியல் படித்தவர்களுக்கு இது பழைய நண்பன்: தேவைக் கோடு, அளிப்புக் கோடு, நெகிழ்ச்சி, நிறைவுப் போட்டி, முற்றுரிமை. ஏபி பாடத்தில் ஆறு அலகுகள். கடைசி அலகு, சந்தை எங்கே தோற்கிறது, அரசு எங்கே நுழைய வேண்டும் என்பது. பணவீக்கமும் மத்திய வங்கியும் பேரியல் பொருளாதாரத்தில் வரும். அது தனி ஏபி பாடம். சாதாரண வகுப்பில் இரண்டையும் கலந்து சொல்லித்தருவார்கள்.

கால்குலஸ் தேவையில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், நேர்கோட்டு வரைபடம் போதும். ஆனால் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட இதில் தடுக்கி விழுவதுண்டு, ஏனென்றால் இங்கே சிக்கல் கணக்கில் இல்லை. விலை குறைந்ததால் அதிகம் வாங்கினால் அதே கோட்டின் மேல் நகர்கிறோம்; வருமானம் கூடியதால் அதிகம் வாங்கினால் கோடே இடம்மாறுகிறது. இந்த ஒரு வேறுபாட்டில் கோட்டைவிடுகிறவர்கள் ஏராளம். வரைபடத்தில் அச்சுக்குப் பெயர் எழுதாமல் மதிப்பெண்ணை இழப்பவர்களும் உண்டு.

‘பூஜ்ய லாபம்’ என்பதும் அப்படித்தான். ஒருவர் ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளத்தை விட்டுவிட்டு டிஃபன் கடை வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செலவெல்லாம் போக 90,000 டாலர் மிஞ்சுகிறது. கணக்காளர் கை குலுக்குவார். பொருளாதாரமோ லாபம் பூஜ்யம் என்கிறது, விட்டுவந்த சம்பளமும் ஒரு செலவு என்பதால். வாய்ப்புச் செலவு என்று முதல் வாரத்தில் படித்தது இங்கே வந்து உறைக்கிறது. வேலையை விட்டுத் தொழில் தொடங்கலாமா என்று யோசிக்கும் அப்பாவுக்கும் இந்தப் பாடம் பயன்படும்.

அரசாங்கப் பாடம் என்றால் அதிபர்களின் பெயர்களையும் 50 மாநிலத் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்வதா?

அந்தக் காலம் போய்விட்டது. இன்றைய ஏபி பாடத்தில் ஒன்பது அடிப்படை ஆவணங்களை மாணவர் படித்தாக வேண்டும். அரசியல் சாசனம் வேண்டும் என்று வாதாடிய ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளில் நான்கும், மத்திய அரசு எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று எச்சரித்த ‘புரூட்டஸ்’ கட்டுரையும் அதில் உண்டு. 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதமும் உண்டு. கூடவே உச்ச நீதிமன்ற வழக்குகள் ஒரு கட்டு.

வழக்குகள்தான் இந்தப் பாடத்தின் உயிர் என்பேன். அவற்றில் சில பள்ளி மாணவர்களைச் சுற்றியே நடந்தவை. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்த அயோவா மாணவர்களைப் பள்ளி இடைநீக்கம் செய்தது. மாணவர்களுக்கும் பேச்சுரிமை உண்டு என்று 1969-இல் டிங்கர் வழக்கில் தீர்ப்பு வந்தது. 1992-இல் சான் அன்டோனியோவில் 12-ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்து பிடிபட்டான். அவனைத் தண்டித்த மத்திய அரசுச் சட்டமே செல்லாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் சொன்னது. துப்பாக்கி கொண்டுவந்தது சரி என்று அதற்குப் பொருளில்லை. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தைக் காட்டிப் பள்ளி வளாகத்துக்குள் மத்திய அரசு நுழைய முடியாது என்பதே தீர்ப்பு.

இந்தியாவில் குடிமையியல் படித்த பெற்றோருக்கு இங்கே கொஞ்சம் குழப்பம் வரும். நம் ஆளுநர் நியமிக்கப்படுபவர். அமெரிக்க ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். இங்கே அமைச்சர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும். அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் அமைச்சரவையில் இருக்கவே கூடாது. பட்டியலில் இல்லாத எஞ்சிய அதிகாரம் இந்தியாவில் மத்திய அரசுக்கு, அமெரிக்காவில் மாநிலங்களுக்கு. பிள்ளைக்குச் சொல்லித்தர உட்காரும் முன் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் விசாவில் இருக்கிறோம். வாக்குரிமையே இல்லாத பிள்ளைக்கு இந்தப் பாடம் எதற்கு?

பெற்றோரைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கும் இது பள்ளிப் படிப்பை முடிப்பதற்கான தேவைதான், விலக்கு கிடையாது. ஆனால் கேள்வியையே நான் திருப்பிப் போடுவேன். குடிமகனைவிட இந்தப் பாடம் அதிகம் தேவைப்படுவது இந்தப் பிள்ளைக்குத்தான். 21 வயதானதும் பெற்றோரின் விசாவைச் சார்ந்து இருக்க முடியாது என்ற விதி எங்கிருந்து வருகிறது, அதை மாற்றும் அதிகாரம் அதிபருக்கா, நாடாளுமன்றமான காங்கிரசுக்கா என்பது அவர்களுக்கு வெறும் தேர்வுக் கேள்வியாக இருக்க முடியாது.

அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தம் சமமான சட்டப் பாதுகாப்பைக் குடிமக்களுக்கு என்று குறுக்கவில்லை. எந்த மனிதருக்கும் என்றே சொல்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் சலவைக் கடை வைத்திருந்த, குடியுரிமை இல்லாத சீனர் ஒருவர் 1886-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது இதை வைத்துத்தான். அதே திருத்தத்தின் முதல் வாக்கியம், அமெரிக்க மண்ணில் பிறப்பவருக்குக் குடியுரிமை பற்றியது. தற்காலிக விசாவில் இருக்கும் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளையும் பாதிக்கும்படி 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ஆணை பிறப்பித்ததும் அது நீதிமன்றங்களுக்குப் போனது. வீட்டில் தங்கையோ தம்பியோ பிறக்கப்போகும் மாணவன் அந்த வாக்கியத்தை எவ்வளவு கவனமாகப் படிப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டில் ஒன்றை மட்டும் ஏபியாக எடுக்கலாமா?

எடுக்கலாம், பலர் எடுக்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே ஆண்டில் அடுத்தடுத்து வருவது காலண்டர் வசதிக்காக மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். குறைந்தபட்ச ஊதியத்தை எடுத்துப் பார்ப்போம். அங்குள்ள பதின்வயதினர் பலருக்கு முதல் வேலையே பர்கர் கடைகளில்தான்.

மத்திய அரசு நிர்ணயித்த மணிக்கு 7.25 டாலர் 2009 ஜூலை முதல் அப்படியே இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெரிய துரித உணவுச் சங்கிலிக் கடைகளில் 2024 ஏப்ரலில் 20 டாலர் ஆனது. பொருளாதார வகுப்பின் தொடக்கப் பாடம், சந்தை விலைக்கு மேலே ஒரு தளம் போட்டால் வேலை தேடுபவர் கூடுவார், வேலை குறையும் என்கிறது. பாதி செமஸ்டர் தாண்டியதும் அதே புத்தகம், ஊரில் வேலை தருபவர் ஒரே ஒருவராக இருந்தால் ஊதியத்தை உயர்த்தும்போது வேலைவாய்ப்பு கூடவும் செய்யலாம் என்று காட்டுகிறது. 1992-இல் நியூஜெர்சி ஊதியத்தை 4.25-இலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அங்குள்ள துரித உணவுக் கடைகளைப் பக்கத்துப் பென்சில்வேனியாவின் கடைகளோடு ஒப்பிட்டார்கள். வேலை குறைந்ததற்கான தடயம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, 7.25 ஏன் நகரவே இல்லை? இதற்குப் பொருளாதாரப் புத்தகத்தில் விடை கிடையாது. குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும் 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டியது காங்கிரஸ்; செனட்டில் முட்டுக்கட்டையை உடைக்க 60 வாக்குகள் வேண்டும். 2021-இல் 15 டாலருக்கான முயற்சி 42–58 என்று தோற்றது. மாநிலங்கள் தம் பங்குக்கு உயர்த்திக்கொள்ளலாம், கூட்டாட்சி என்பதால். துப்பாக்கி வழக்கில் பார்த்த அதே வணிக அதிகாரத்தை வைத்துத்தான் மத்திய அரசு ஊதியத்தையே நிர்ணயிக்கிறது. ஒரு பாடத்தை மட்டும் படித்த மாணவனுக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

ஆசிரியர் தன் கட்சி அரசியலைப் பிள்ளை தலையில் ஏற்றிவிட மாட்டாரா?

பயம் நியாயமானது, சாதாரண வகுப்பில் எல்லாம் ஆசிரியரைப் பொறுத்தது. ஏபியில் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. வாதக் கட்டுரைக்கு எந்தப் பக்கம் நின்றாலும் மதிப்பெண்தான். ஆதாரம் வேண்டும், எதிர்த்தரப்பு வாதத்துக்குப் பதிலும் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பதிலுக்கென்றே தனி மதிப்பெண் இருக்கிறது. நம் தொலைக்காட்சி விவாதங்களில் அப்படி ஒன்று இருந்தால் எத்தனை பேர் தேறுவார்கள்!

கல்லூரியில் கிரெடிட் கிடைக்குமா?

ஏபி தேர்வு மதிப்பெண் 1 முதல் 5 வரை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 3-க்கே கிரெடிட் தருகிறது. கடும் போட்டியுள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் 4 அல்லது 5 கேட்கும். ஒன்றுமே தராதவையும் உண்டு. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் எந்தத் துறை மாணவரும், பொறியியல் உட்பட, அரசாங்கப் பாடம் இரண்டு படித்தாக வேண்டும். ஏபி மதிப்பெண் மத்திய அரசு பற்றிய பகுதியைத்தான் ஈடுகட்டும், டெக்சாஸ் அரசியல் சாசனப் பகுதி பாக்கி நிற்கும். ‘என் பையன் இன்ஜினியரிங்தானே’ என்று இந்தப் பாடத்தை ஒதுக்கிவைத்தவர்கள் கல்லூரியில் காசு கட்டிப் படிக்கிறார்கள்.

முதல் செமஸ்டர் டிசம்பரில் முடிகிறது, தேர்வோ மே மாதம். மறந்துபோகாதா?

மறக்கும். இரண்டில் எதை டிசம்பருக்குள் முடிக்கிறார்களோ அதற்கு ஏப்ரலில் மூன்று வாரமாவது திரும்பப் படிக்கத் திட்டமிட வேண்டும். நுண்ணியல் பொருளாதாரம் என்றால் வரைபடங்களைக் கையால் போட்டுப் பார்ப்பதே போதுமான பயிற்சி. தேர்விலும் அவற்றைக் காகிதத்தில் கையால்தான் வரைய வேண்டும். அரசாங்கப் பாடம் என்றால் வழக்குகளையும் ஒன்பது ஆவணங்களையும் மறுபடி புரட்ட வேண்டும், குறுக்குவழி இல்லை. இன்னொன்று: முதல் செமஸ்டர் பாடத்துக்கான வழக்கமான தேர்வுப் பதிவு நவம்பரிலேயே முடிந்துவிடும். தாமதக் கட்டணம் இல்லாமல் மார்ச் வரை அவகாசம் இரண்டாம் செமஸ்டரில் தொடங்கும் பாடத்துக்கு மட்டும்தான். கட்டணம் பாடத்துக்குச் சுமார் 100 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. பள்ளியின் ஏபி ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டால் விவரம் கிடைக்கும்.