புகையை விட்டாச்சு, அப்புறம்?

விட்டதும் வரும் இருமல்

பீடி, சிகரெட்டை விட்ட சில வாரங்களில் பலருக்கு இருமலும் சளியும் கூடிவிடும். "குடிச்சப்ப நல்லாத்தானே இருந்தேன்" என்று மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் சளியை மேலே தள்ளிவிடும் நுண்மயிர்கள் உண்டு. புகையால் முடங்கிக் கிடந்த அவை இப்போது மீண்டும் வேலை செய்கின்றன. தேங்கிய சளி வெளியேறுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் இது தணிந்துவிடும்.

சிதைந்துபோன காற்றறைகள் மட்டும் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் மூச்சுத்திறன் வேகமாகச் சரிவது நிற்கிறது. நடுவயதில் விட்டவருக்கு இதுவே பெரிய லாபம்.

புற்றுநோய் பயம் எப்போது போகும்?

விட்ட 10 முதல் 15 ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோய் அபாயம், தொடர்ந்து புகைப்பவருடையதில் பாதியாகக் குறைகிறது. புகையையே தொடாதவரின் அளவுக்கு அது இறங்குவதில்லை. இருந்தும், 2020-ல் 'நேச்சர்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு நம்பிக்கை தருகிறது: புகையை விட்டவர்களின் மூச்சுக்குழாய்ச் செல்களில் 40 சதவீதம் வரை, புகையின் தழும்பே இல்லாத செல்களாக இருந்தன. தொடர்ந்து புகைப்பவர்களிடம் இருந்ததைப்போல நான்கு மடங்கு!

வயதாகிவிட்டதே என்று தயங்குபவர்கள் ரிச்சர்ட் டால் குழுவின் முடிவைப் பார்க்கலாம். 1951 முதல் 50 ஆண்டுகள் பிரிட்டிஷ் மருத்துவர்களையே கவனித்துவந்த ஆய்வு அது. 60 வயதில் விட்டவருக்கும் சுமார் 3 ஆண்டு ஆயுள் கூடியது. 40-ல் விட்டவருக்கு 9 ஆண்டு.

டாக்டரிடம் பழைய கணக்கைச் சொல்லுங்கள்

"பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். இருபது வருடப் புகை மருத்துவச் சீட்டில் ஏறாமலே போகிறது. எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் இதுதான். தினம் எத்தனை, எத்தனை வருடம், எப்போது விட்டீர்கள் என மூன்றையும் சொல்லுங்கள். தினம் 20 சிகரெட் வீதம் 20 ஆண்டு, அல்லது அதற்கு ஈடாகப் புகைத்து, விட்டு 15 ஆண்டு ஆகாத 50 முதல் 80 வயதினருக்கு, ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுக்க அமெரிக்காவில் பரிந்துரைக்கிறார்கள். உங்களுக்கு அது தேவையா என்று நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள்.

சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் நம் ஊரில் முதலில் காசநோயைத்தான் சந்தேகிப்பார்கள். அது சரியே. ஆனால் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தாலோ, மாத்திரை சாப்பிட்டும் குறையாவிட்டாலோ, சி.டி. ஸ்கேன் தேவையா என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள்.