கேள்வி கேட்கும் வண்டி

மும்பை செம்பூரிலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். காய்கறி ஏற்றும் சிறு டீசல் வண்டி ஒன்றே அவருடைய ஜீவனத்துக்கு ஆதாரம். அதில் இன்ஜெக்டர் ஒன்று பழுதாகிவிட, தமக்கு நெடுநாள் பழக்கமான தாராவி மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் புதியது வாங்கிப் பொருத்தியிருக்கிறார். பொருத்திய பிறகும் எஞ்சின் சீராக ஓடவில்லை. செக் லைட்டும் அணையவில்லை. வேறு வழியின்றி வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது, அங்கே ஒருவர் ஸ்பானரைக் கையாலும் தொடாமல், ஒரு லேப்டாப்பைச் செருகிச் சில நிமிஷங்களில் சரிசெய்துவிட்டு, மெக்கானிக் வாங்கிய கூலியைப்போல் பல மடங்குக்குப் பில் போட்டாராம். “பணம் முழுவதும் கட்டி வாங்கிய வண்டிக்கு நான் சொந்தக்காரனா, இல்லையா?” என்பது அன்பரின் கேள்வி.

டீசல் எஞ்சினில் எண்ணெய் எவ்வாறு தானே பற்றிக்கொள்கிறது என்பதையும், இக்காலத்து வண்டிகளில் அந்தக் காரியம் முழுவதையும் ஈ.சி.எம். என்னும் சிறு கணினி நடத்துகிறது என்பதையும் வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. நான் சொல்ல விரும்புவது, இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் சில எழுத்துக்களைப் பற்றியது. யந்திரங்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டவற்றில் இதைப்போல் என்னை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்றில்லை.

காற்றின் அழுத்தத்தைப்போல் 1,600 மடங்கு, சில வண்டிகளில் 2,000 மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில், தலைமயிரைவிடச் சற்றே பருமனான துவாரங்களின் வழியாக எண்ணெயைப் பீய்ச்சுவது இன்ஜெக்டரின் வேலை. அதுவும் ஒரே தடவையாகப் பீய்ச்சிவிடுவதில்லை. எஞ்சின் அதிராமலும் இரையாமலும் இருக்கும்பொருட்டு, முதலில் குண்டூசித் தலையளவு எண்ணெயைத் தெளித்து, அது பற்றிய பிறகே மீதியைச் செலுத்துகிறது. இவ்வளவு சூக்ஷ்மமான உறுப்பை எத்தனை கவனத்தோடு செய்தாலும், ஒன்றைப்போல் மற்றொன்று அச்சாக அமைவதில்லை. ஒன்று இம்மியளவு அதிகமாகத் தெளிக்கும். மற்றொன்று இம்மியளவு தாமதிக்கும். ஆகவே தொழிற்சாலையிலேயே ஒவ்வோர் இன்ஜெக்டரையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்து, அதன் குணதோஷத்தை அளந்து, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடாக அதன் தலையில் பொறித்துவிடுகிறார்கள். அந்தக் குறியீட்டை ஈ.சி.எம்.முக்கு எழுதிக்கொடுத்தால், அது ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஏற்றவாறு திறக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் அந்தக் குறையை நிவர்த்தி செய்துகொள்கிறது.

என் மூக்குக்கண்ணாடிக்கும் இதே நியாயந்தான். என் இரு கண்களுக்கும் ஒரே பவர் இல்லை. வைத்தியர் சோதித்துப் பார்த்து எண்களைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மாதுங்கா மார்க்கெட்டில் எனக்குப் பிடித்த எந்தக் கடைக்கும் நான் போகலாம். கடைக்காரர் அதைப் படித்துக் கண்ணாடியை இழைத்துத் தருவார். அவர் வைத்தியரிடம் போய் உத்தரவு கேட்க வேண்டியதில்லை.

வண்டியின் விஷயத்திலும் சீட்டு இருக்கிறது. படிக்கத் தெரிந்தவரும் இருக்கிறார். தாராவி 90 அடி சாலைக்கு அருகிலுள்ள அந்தக் காரேஜுக்கு நான் போய்ப் பார்த்தேன். மெக்கானிக் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு முனைகள் கொண்ட சாக்கெட்டில் தம் ஸ்கேனரை மாட்டி, பழுதின் எண்ணை எனக்குக் காட்டினார். பி0201 என்றால் முதல் சிலிண்டரின் இன்ஜெக்டர் மின்சுற்றில் கோளாறு என்பது உலகத்துக்கே பொதுவான சங்கேதம். புகைக் கட்டுப்பாட்டின் பொருட்டு 2013 ஏப்ரல் முதல் நம் நாட்டு வண்டிகளில் இத்தகைய சுயசோதனை முறை விரிவாகக் கட்டாயமாயிற்று. ஆதலால் பழுதைப் படிக்கத் தடையில்லை. எழுதத்தான் தடை. புதுக் குறியீட்டை எழுதப் போனால், ஈ.சி.எம். முன்பின் தொடர்பில்லாத ஓர் எண்ணை அனுப்பி, “இதற்குப் பதில் என்ன?” என்று கேட்கிறது. கம்பெனிக்கு மட்டுமே தெரிந்த ஒரு கணக்கின்படி அந்த எண்ணை மாற்றி விடையாக அனுப்பினால் கதவு திறக்கும். தவறான விடையைச் சில தடவை அனுப்பினால், பிறகு சற்று நேரம் எதற்கும் செவிசாய்க்காது. இன்னும் புதிய வண்டிகள் சிலவற்றில், அந்தக் கேள்வி இன்டர்நெட் வழியாகக் கம்பெனியின் கணினிக்கே போய், அங்கிருந்து அனுமதி வந்தாக வேண்டும்.

“வேலையெல்லாம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி, வண்டிதான் ஒத்துக்கிட மாட்டேங்கு” என்றார் மெக்கானிக். அவர் கழற்றிப் பூட்டியதில் எள்ளளவும் பிழை இல்லை.

பூட்டே கூடாது என்று நான் வாதிக்கவில்லை. 2015-ல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஜீப் வண்டியின் கணினிக்குள் தொலைவிலிருந்தே புகுந்து எஞ்சினை நிறுத்திக் காட்டியதும், அந்தக் கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. திருடனுக்கும் விஷமிக்கும் அஞ்சிப் பூட்டுவது விவேகமே. ஆனால் வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை கதவைத் திறப்பதற்கும் கூலி வாங்குவாரானால், அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டில் இந்த வழக்கு பழையது. 2011-ல் ஒரு நுகர்வோர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட, ஆணையம் விரிவாக விசாரித்து, 2014 ஆகஸ்ட் 25 அன்று மாருதி, டாடா, மஹிந்திரா, ஹோண்டா உள்ளிட்ட பதினான்கு கார்க் கம்பெனிகளுக்கு ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்பின் தர்க்கம் மிகவும் ரசிக்கத்தக்கது. வண்டி வாங்குமுன் ஒருவன் பத்துக் கம்பெனிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். வாங்கிய பின்போ, உதிரிபாகத்துக்கும் பழுதுபார்ப்பதற்கும் அந்த ஒரே கம்பெனியிடம் கட்டுண்டு கிடக்கிறான். ஆதலால் ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டிகளின் உதிரிபாகச் சந்தையில் ஏகபோக ஆதிக்கம் செலுத்துகிறது என்று ஆணையம் கண்டது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும், வெளியில் பழுதுபார்த்தான் என்ற ஒரே காரணத்தால் வாரன்டியை ஒரேயடியாக ரத்து செய்யலாகாது என்றும் உத்தரவிட்டது. 2016 டிசம்பரில், மேல்முறையீடு செய்த மூன்று கம்பெனிகளின் விஷயத்தில், தீர்ப்பாயம் குற்றத்தை உறுதிசெய்து, அபராதத்தை மட்டும் உதிரிபாக வியாபாரத்தின் வருமானத்துக்கு ஏற்பக் குறைத்தது. 2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஒரு குழு அமைத்து, வாகனங்களையும் அதில் சேர்த்து, ஓர் இணையதளமும் தொடங்கியது. இவ்வளவும் நடந்திருக்க, 90 அடி சாலையில் அந்த ஸ்கேனருக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

விடை கிடைக்காததன் விளைவு என்ன? திருட்டுத்தனமாக உடைத்த சாப்ட்வேரைச் சில்லறைக்கு வாங்கி, ஊகத்தின்பேரில் ஈ.சி.எம்.மில் எழுதிப் பார்க்கிறார்கள். சில சமயம் பலிக்கிறது. சில சமயம் ஈ.சி.எம். செத்துப்போய், அதன் விலையும் சொந்தக்காரன் தலையில் விழுகிறது. யோக்கியமான தொழிலாளியைக் கள்ளச்சாவி தேட வைப்பது எந்த வகையில் பாதுகாப்பு? குர்லாவில் உற்பத்தியாகி, இந்நகரத்து டாக்ஸிகளாக 2023 அக்டோபர் வரை ஓடிய பிரீமியர் பத்மினி வண்டிகளை அத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்தவர்கள் தெருவோரத்து மெக்கானிக்குகளே. அந்தச் சாமர்த்தியம் மங்கிவிடவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் மல்டிமீட்டரும் ஸ்கேனரும் பழகி, காலத்தோடு நடக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். இப்பேர்ப்பட்ட கல்வியை நாம் வாசலில் நிறுத்திவைத்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மற்ற நாடுகள் கண்ட வழிகள் நம் முன்னே இருக்கின்றன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஜனங்கள் 2012-ல் இந்தப் பழுதுபார்க்கும் உரிமையையே வாக்கெடுப்புக்கு விட்டு, நூற்றுக்கு 86 பேர் ஆதரித்தார்கள். ஐரோப்பாவில் 2018-ஆம் வருஷத்துச் சட்டம், பழுதுபார்க்கும் விவரங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதை வண்டிக்கு அங்கீகாரம் அளிக்கும் முறையோடேயே பிணைத்திருக்கிறது. பெயர்ப் பதிவும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால்தான் சாக்கெட்டைத் திறப்போம் என்று ஒரு கம்பெனி சொந்தமாக நிபந்தனை விதித்தபோது, ஐரோப்பிய நீதிமன்றம் 2023 அக்டோபரில் அது சட்டத்துக்கு ஒவ்வாது என்று தீர்த்துச் சொன்னது.

நம் நாட்டிலும் எந்த வண்டியும் விற்பனைக்கு வருமுன் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற ஸ்தாபனங்களில் பிரேக்கும் புகையும் சோதிக்கப்பட்டு அங்கீகாரம் பெற வேண்டியிருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் இன்னும் ஒரு ஷரத்தைச் சேர்த்து, வண்டியின் பழுதுபார்க்கும் குறிப்புகளையும், தகுதி பெற்ற மெக்கானிக் நியாயமான கட்டணத்தில் அந்த விடையைப் பெறும் வழியையும் கம்பெனி ஒப்படைத்த பிறகே அங்கீகாரம் அளிப்பது என்று வைக்க வேண்டும். யார் எப்போது எந்த வண்டியில் என்ன எழுதினார் என்ற பதிவும் அதனோடு இருக்கட்டும். திருடனுக்கு அது தடையாகும், செம்பூர்க்காரருக்கு ஆகாது.