டிரம்மர் காதில் மட்டும் ஒலிக்கும் 'டிக் டிக்'... ரசிகர்களுக்கு ஏன் கேட்பதில்லை? கிளிக் டிராக் வேலை செய்வது இப்படித்தான்!

மேடையில் 5 பேர்தான் இருப்பார்கள். ஆனால் ஸ்பீக்கரில் வயலின் கூட்டம், கோரஸ் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். திருவிழாக் கச்சேரி முதல் பெரிய லைவ் நிகழ்ச்சி வரை இது இப்போது சாதாரணம். முன்கூட்டியே பதிவு செய்த இசையை கீபோர்டில் ஓடவிட்டு, அதனுடன் சேர்ந்து வாசிக்கிறார்கள். இதில் ஒருவர் கூட தாளம் தவறாமல் இருக்க உதவுவதுதான் கிளிக் டிராக். கீபோர்டில் இருந்து கிளம்பும் அந்த ஒலி, ரசிகர்களுக்குக் கேட்காமல் கலைஞர்களின் காதுக்கு மட்டும் போவது எப்படி? பார்க்கலாம்.

கிளிக் டிராக்னா என்ன?

பாட்டின் வேகத்துக்கு ஏற்ப சீராக ஒலிக்கும் 'டிக் டிக்' சத்தம்தான் கிளிக். வேகத்தை பி.பி.எம். என்ற அளவில் சொல்வார்கள். அதாவது, ஒரு நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பது. 120 பி.பி.எம். என்றால் அரை விநாடிக்கு ஒரு கிளிக். ஒவ்வொரு சுற்றின் முதல் பீட் மட்டும் வேறு சுருதியில் ஒலிக்கும். பாட்டு தொடங்கும் முன் 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்ற குரலையும் சேர்த்து வைப்பது உண்டு.

இது புதிய விஷயம் இல்லை. படத்துடன் இசையை ஒட்ட வைக்க, 1930-களிலேயே ஹாலிவுட் இசைப்பதிவுகளில் இந்த முறை வந்துவிட்டது.

இது இல்லாம வாசிக்க முடியாதா?

முழுக்க முழுக்க மனிதர்களே வாசித்தால் கிளிக் தேவையில்லை. ஒருவர் வேகம் எடுத்தால் மற்றவர்கள் கூடவே போவார்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டிராக் யாருக்காகவும் காத்திருக்காது.

டிராக் 100 பி.பி.எம்-ல் ஓடுகிறது, டிரம்மர் 102-ல் வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நிமிடத்தில் 2 பீட் விலகிவிடும். பாடகருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பாட்டு கேட்பது போல ஆகிவிடும்.

'ஸ்பீக்கரில் வரும் டிராக்கைக் கேட்டே வாசிக்கலாமே' என்று தோன்றும். ஆனால் ஒலி 10 மீட்டர் கடக்க சுமார் 0.03 விநாடி ஆகும். டிரம் சத்தத்துக்கு நடுவே டிராக் தெளிவாகக் கேட்பதும் கஷ்டம். அதனால்தான் கிளிக் நேராக காதுக்கே போகிறது.

கீபோர்டில் இருந்து பிரிப்பது எப்படி?

அடிப்படை விதி ஒன்றுதான்: கிளிக்குக்குத் தனி வழி வேண்டும். இதற்கு மூன்று முறைகள் உள்ளன.

1. தனி அவுட்புட்: யமஹா மோன்டாஜ், கோர்க் குரோனோஸ் போன்ற பெரிய கீபோர்டுகளில் மெயின் அவுட் தவிர கூடுதல் அவுட்புட்டுகளும் உண்டு. கிளிக்கை அதில் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. டிராக்கும் கீபோர்டு வாசிப்பும் மெயின் அவுட்டில் ஸ்டீரியோவாகவே போகும்.

2. இடது - வலது பிரிப்பு: இரண்டே அவுட்புட் உள்ள கீபோர்டு வைத்திருக்கும் குழுக்களுக்கு இதுதான் கைகொடுக்கும். கிளிக்கை முழுவதுமாக இடது பக்கமும், டிராக்கை முழுவதுமாக வலது பக்கமும் வைத்து ஆடியோ ஃபைல் தயாரிக்க வேண்டும். கீபோர்டில் கையால் வாசிக்கும் டோனையும் வலது பக்கமே வைக்க வேண்டும். ஸ்டீரியோ போய்விடும். ஆனால் கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை.

3. லேப்டாப்: 4 அவுட்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் 1, 2-ல் டிராக், 3-ல் கிளிக் என்று பிரித்துவிடலாம். கீபோர்டில் ஒரு கீயைத் தட்டினால் பாட்டு தொடங்கும்படியும் அமைக்கலாம்.

மிக்ஸரில் என்ன செய்யணும்?

கிளிக் வரும் வயரை மிக்ஸரில் தனி சேனலில் செருக வேண்டும். அந்த சேனலை மெயின் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் இருந்து துண்டித்துவிட வேண்டும். பிறகு 'ஆக்ஸ்' வழியாக கலைஞர்களின் இயர்போனுக்கு அனுப்பலாம். ஆக்ஸை 'ப்ரீ-ஃபேடர்' என்று வைப்பது முக்கியம். அப்போதுதான் ஃபேடர் கீழே இருந்தாலும் காதுக்குக் கிளிக் போகும்.

ஒரே இடத்தில் உட்கார்ந்து வாசிக்கும் டிரம்மருக்கு வயர்லெஸ் தேவையில்லை. சின்ன ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரும் நல்ல இயர்போனும் போதும்.

எங்கே சொதப்பும்?

* பல கீபோர்டுகளில் இடது ஜாக்கில் 'எல்/மோனோ' என்று எழுதியிருக்கும். அதில் மட்டும் வயர் செருகினால் இடது, வலது இரண்டும் கலந்துவிடும். கிளிக் சத்தம் ஊருக்கே கேட்கும். இடது - வலது முறையில் இரண்டு ஜாக்கிலும் வயர் இருந்தே ஆக வேண்டும்.

* கிளிக்குக்கு ரிவெர்ப் வைத்தால், அதன் எதிரொலி மறுபக்கத்திலும் கசியும். எஃபெக்ட் எதுவும் வேண்டாம்.

* பெரும்பாலான கீபோர்டுகளில் ஹெட்போன் ஜாக்கில் வருவதும் மெயின் அவுட்டில் போகும் அதே ஒலிதான். அதைத் தனி அவுட்புட் என்று நம்பக் கூடாது.

* தாளம் இல்லாமல் தொகையறாவோடு தொடங்கும் பாட்டுக்கு, கிளிக்கை முதலிலேயே ஓடவிட்டால் சிக்கல். பாடகர் அதை முடித்த பிறகு, சைகை பார்த்து டிராக்கைத் தொடங்குவதே பாதுகாப்பு.

காது பத்திரம்!

டிரம் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று கிளிக்கை ஏற்றிக்கொண்டே போவதுதான் பெரிய ஆபத்து. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக் கூட இந்த நேரம் வேகமாகக் குறையும். வெளிச்சத்தத்தைத் தடுக்கும் இயர்போன் போட்டால், கிளிக்கைக் குறைவாக வைத்தாலே தெளிவாகக் கேட்கும்.

நடுவில் கிளிக் நின்றால்?

ஜாக் கழன்றாலோ பேட்டரி தீர்ந்தாலோ கிளிக் நின்றுபோகலாம். அதனால் டிராக்கை நிறுத்துவது யார், எந்த சைகையில் என்பதைக் குழு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். டிராக் நின்றாலும் டிரம்மர் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டால், பாட்டு தொடர்ந்து ஓடும். அதனால் கிளிக் இல்லாமலும் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.