கேட்டுக்கு வெளியே ஓர் ஆள்

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. சம்பளம், வேலை நேரம் எல்லாம் கோரிக்கைகளில் இருந்தன. ஆனால் முடிச்சு விழுந்தது சங்கத்தில். தொழிலாளர்களோடு நேரடியாகப் பேசத் தயார், மார்க்சிஸ்ட் கட்சி சார்புள்ள சி.ஐ.டி.யு. சம்மேளனத்தின் ஆதரவோடு வரும் சங்கத்தோடு முடியாது என்றது நிர்வாகம். உள்ளேயே ஒரு கமிட்டி இருக்க, வெளியாள் எதற்கு?

வெளியாளை சஸ்பெண்ட் செய்ய முடியாது என்பது முதல் காரணம். அடுத்தது அனுபவம். அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தில் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. சமரச அதிகாரி முன்னிலையில் போட்ட 12(3) ஒப்பந்தமோ ஆலையின் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்தியது. அசெம்பிளி லைனில் நிற்கும் இளைஞருக்கு இது எப்படித் தெரியும்? எதிரே உட்காரும் மனிதவள அதிகாரிக்கு நன்றாகத் தெரியும். பல ஆலைகளில் பேசிப் பழகியவரைப் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் சம்மேளனம் செய்யும் பெரிய வேலை. ஊர்வலமும் கொடியும் அப்புறம்தான்.

1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை ஏற்ற பி.பி.வாடியாவும் மில் தொழிலாளி அல்லர், பிரம்மஞான சபைக்காரர். பின்னி மில் நிர்வாகம் அவர்மீது உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்துவோருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுத்து, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நிர்வாகிகளில் ஒரு பகுதியினர் வெளியாட்களாக இருக்க அந்தச் சட்டமே இடம் தந்தது.

சம்மேளனங்கள்மீது குறை இல்லாமல் இல்லை. 1920இல் ஏ.ஐ.டி.யு.சி. என்ற ஒரே சம்மேளனமாகத் தொடங்கியது, பிறகு கட்சிக்கொரு சங்கம். ஒரே பணிமனை வாசலில் நாலைந்து கொடிக்கம்பம் நின்றால் நிர்வாகத்துக்குத்தான் கொண்டாட்டம். கட்சி உறவு அவசரத்துக்கு உதவுவதும் இல்லை. மார்க்சிஸ்ட் கட்சி தி.மு.க. கூட்டணியில் இருந்தபோதுதான் சாம்சங் சங்கப் பதிவு மாதக்கணக்கில் நகராமல் கிடந்தது. அமைச்சர்கள் முன்னிலையில் தொழிலாளர்களில் ஒரு பிரிவினரோடு நிர்வாகம் போட்ட உடன்பாட்டைப் போராட்டக்காரர்கள் ஏற்கவில்லை. வேலைநிறுத்தம் முடிந்து, உயர் நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது.

இப்போது விதிகளே மாறிவிட்டன. புதிய சட்டத் தொகுப்பின்படி, பல சங்கங்கள் உள்ள ஆலையில் 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு பெற்றதே நிர்வாகத்தோடு பேசும் ஒரே சங்கம். அரசும் முதலாளிகளும் சம்மேளனங்களும் ஒன்றாக உட்காரும் இந்தியத் தொழிலாளர் மாநாடு கடைசியாகக் கூடியது 2015 ஜூலையில். அதை மறுபடி கூட்டாமலேயே நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது மத்திய அரசு.