நிழலே படமாகும் கலை

புகைப்படம், ஒளிப்படம், நிழற்படம் என ஒரே பொருளுக்குத் தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் முதற்சொல் கூறும் புகைக்கு இக்கலையில் யாதொரு வேலையும் இல்லை. ஒளிப்படம் என்பது மேலைச் சொல்லின் பொருளை ஒட்டி அமைந்தது. நிழற்படம் என்னும் சொல்லோ, காமிராவே இன்றி ஆக்கப்படும் ஒருவகைப் படத்துக்கு மிகவும் பொருந்துவதாகும். அத்தகைய சோதனைகளால் ஒளிப்படம் அரூபக் கலையானதை இங்குக் காண்போம்.

ஒரு படத்தைக் கையிலெடுத்ததும், ‘இது யார்? எந்த ஊர்?’ என்று வினவுவதே நம் வழக்கம். உருவத்தை நாடாத கலை நமக்குப் புதிதன்று. கிரானடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைச் சுவர்களில், கோணங்களும் கோடுகளும் பின்னிய ஓட்டு வேலைப்பாட்டைப் பார்த்து, ‘இது எதன் படம்?’ என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் ஒளிப்படத்தின் நிலை வேறு. ஓவியர் உருவத்தைக் கைவிடலாம். எதிரே ஒரு பொருள் நில்லாமல் காமிரா எதைப் பிடிக்கும்?

இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் முன்னோடி, அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஆல்வின் லாங்டன் கோபர்ன். அவர் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகப் பிணைத்து, அவற்றினூடே படிகத் துண்டுகளையும் மரத்துண்டுகளையும் படம்பிடித்தார். பொருள் சிதறியது, ஒளியின் விளிம்புகளும் கோணங்களுமே எஞ்சின. ‘வோர்ட்டோகிராஃப்’ எனப் பெயர்பெற்ற இப்படங்கள் 1917-இல் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. காட்சிக்கு முன்னுரை எழுதிய கவிஞர் எஸ்ரா பவுண்டு, இது கண்ணின் கலையேயன்றிக் கண்ணும் கையும் கூடிய கலையன்று என்று கூறி, ஓவியத்துக்குக் கீழேயே இதனை வைத்தார்.

கைக்கு இங்கு வேலையில்லை என்பது சரிதானா? காமிராவை அறவே ஒதுக்கிய படங்கள் இதற்கு விடை தருகின்றன. கிறிஸ்டியன் ஷாட், மான் ரே, லாஸ்லோ மொஹோய்-நாட்ஜ் ஆகியோர் முதல் உலகப்போரை அடுத்த சில ஆண்டுகளில் இம்முறையைக் கையாண்டனர். மான் ரே 1922-இல் பன்னிரு படங்கள் கொண்ட தொகுப்பொன்றை வெளியிட்டார். மொஹோய்-நாட்ஜ் இச்சோதனைகளைத் தம் மனைவி லூசியாவுடன் சேர்ந்தே செய்தார். புகழோ நெடுங்காலம் கணவருக்கே சென்றது.

செய்முறை எளிது. இருட்டறையில், சிவப்பு விளக்கொளியில், ஒளியுணர் தாளை விரித்து, அதன்மேல் ஒரு சீப்பையோ கண்ணாடித் தம்ளரையோ வைத்து, வெள்ளை விளக்கைச் சில நொடிகள் எரியவிட்டு அணைக்க வேண்டும். பின்னர்த் தாளை உருத்துலக்கும் கரைசலில் இட்டால், ஒளிபட்ட இடத்திலுள்ள வெள்ளி உப்பு வெள்ளித் துகளாகிக் கறுக்கும். பொருள் மறைத்த இடம் வெண்மையாகவே நிற்கும். நிழல் வெள்ளையாகவும் வெளிச்சம் கறுப்பாகவும் மாறும் விந்தை இது! தாளோடு ஒட்டிய பொருளின் விளிம்பு கூர்மையாக விழும். சற்றே உயர்த்திப் பிடித்தால் அது கரைந்து சாம்பல் நிறமாகும். தம்ளர் ஒளியை வளைத்து வளையங்களை வரையும். விளக்கை நகர்த்தினால் நிழல் இரட்டிக்கும். அப்போது சீப்பு சீப்பாகத் தெரியாது. எதை, எவ்வளவு உயரத்தில், எத்தனை நொடி என்பதனைத்தையும் முடிவு செய்வது கைதானே? பவுண்டின் தீர்ப்பு இப்படங்களுக்குச் செல்லாது என்றே கருதுகிறோம். மேலும், இவற்றுக்கு நெகட்டிவ் இல்லை. ஓவியம் போலவே ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதி.

இருட்டறை வாய்க்காத மாணவரும் இதனை முயலலாம். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்ட நீலப்பட முறை அதற்கு உதவும். அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட்டு, பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகியவற்றின் கரைசல்களைக் கலந்து தாளில் பூசி, நிழலிலேயே உலர்த்த வேண்டும். அன்னா அட்கின்ஸ் என்னும் அம்மையார் 1843 முதல் கடற்பாசிகளை இம்முறையில் பதிவு செய்து நூலாக்கினார். அவர் நோக்கம் தாவரவியல். ஆகவே பாசியை அசையாமல் வைத்தார். அரூபம் வேண்டுவோர் அசைக்கலாம். வெயிலில் பாதி நேரம் கழிந்ததும் இலையைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு, பின்னர்த் தாளை நீரில் அலசினால், இரு நிழல்களும் கூடும் இடம் வெண்மையாகவும், ஒரு நிழல் மட்டும் விழுந்த இடம் வெளிர்நீலமாகவும், எஞ்சிய பரப்பு கருநீலமாகவும் நிற்கும்.